நாலாவது பக்கம்

தம்பி: ...சரி, அடுத்தது. எதிரெதிர் பக்கங்கள் இணை. ஆனா ஒரு கோணம்கூட தொண்ணூறு இல்ல.

அக்கா: இணைகரம்.

தம்பி: அதுலயே நாலு பக்கமும் சமமா இருந்தா?

அக்கா: சாய்சதுரம். மூலைவிட்டம் ரெண்டும் ஒண்ணையொண்ணு சரிபாதியா வெட்டும், செங்குத்தா வெட்டும். கேக்காததையும் சேத்துச் சொல்றேன். அதுக்குத் தனியா மார்க் போடு.

தம்பி: மார்க் போடறது நான் இல்ல. நாளைக்கு உங்க பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சர் போடுவாங்க.

அக்கா: போடட்டுமே. கடைசி பெஞ்சுல உக்காந்து பாக்கட்டும். ஏழாம் வகுப்பு, முதல் பீரியட், நாற்கரம். இந்தப் பாடத்தைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் நடத்துவேன்.

தம்பி: சரியில்லன்னா அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு சொல்லுவாங்கன்னு நீதானே சொன்ன?

அக்கா: சொன்னேன். அடுத்த வருஷம்னா என்ன அர்த்தம்னு உனக்குத் தெரியாதா? டீச்சர் நாற்காலி சும்மா கெடக்குமா ஒரு வருஷம்? அதான் உன்னைக் கூப்பிட்டேன். கேளு, நிறுத்தாத.

தம்பி: ஒரு ஜோடிப் பக்கம் மட்டும் இணையா இருந்தா?

அக்கா: சரிவகம்.

தம்பி: எங்க கடையில அதுக்குப் பேரு கார் சீட்டு.

அக்கா: உங்க கடையில எல்லாத்துக்கும் அதான் பேரு. சதுரமா இருந்தா ஸ்டூல், மத்ததெல்லாம் கார் சீட்டு. இந்த லட்சணத்துல சீட்டுக்கு ரெக்ஸின் வெட்டறவன் எனக்குப் பரீட்சை வைக்கிறான் பாரு.

தம்பி: பின்ன மாமாவைக் கூப்பிட்டிருக்கலாம்ல?

அக்கா: உங்க மாமாவா? அவரு நான் என்ன சொன்னாலும் 'சரியா இருக்கும்மா, சரியா இருக்கும்மா'ம்பாரு. மூணு மாசமா இந்த வீட்டுல எல்லாமே சரியாத்தான் இருக்கு. என்ன முழிக்கிற? சரிவகத்துப் பரப்பளவு கேளு.

தம்பி: சொல்லு.

அக்கா: இணைப் பக்கம் ரெண்டையும் கூட்டு. நடுவுல இருக்கிற தூரத்தால பெருக்கு. பாதியாக்கு. முடிஞ்சுது.

தம்பி: வாயால கேட்டா எல்லாம் சரியாத்தான் சொல்ற.

அக்கா: அது என்னடா 'வாயால கேட்டா'?

தம்பி: ஒண்ணுமில்ல. புத்தகத்துல ஒண்ணு பாப்போம். இந்தா, நாலாவது கணக்கு. படம் போட்டிருக்கு. இணைகரம்...

அக்கா: அடிப்பக்கம் பன்னெண்டு, உயரம் அஞ்சு. அறுபது.

தம்பி: படத்தைப் பாக்கவே இல்லியேக்கா.

அக்கா: எதுக்குப் பாக்கணும்? புத்தகத்து அட்டைதான் மாறுது, கணக்கு மாறுதா? நான் வேலைக்குச் சேந்த வருஷத்துலேருந்து அதே பன்னெண்டு, அதே அஞ்சு. சொல்ல மறந்துட்டேன், இந்தப் புதுப் புத்தகம் சுத்த மோசம்டா. பின்னாடி விடைப் பக்கத்தைப் பாரேன்.

தம்பி: ஏன், என்ன?

அக்கா: பாதிக் கணக்குக்கு விடையே போடல. ரெண்டு, நாலு, ஆறு, எட்டு... அவ்வளவுதான். ஒத்தைப்படைக் கணக்கெல்லாம் காணோம். காசு வாங்கறாங்கல்ல, முழுசாப் போட்டா என்ன? பாத்தியா?

தம்பி: பாத்தேன்.

அக்கா: இருக்கா, இல்லியா?

தம்பி: ...ஆமாக்கா. பாதிதான் இருக்கு.

அக்கா: பாதிதான் இருக்கா?

தம்பி: ம். அச்சடிக்கும்போது விட்டிருப்பாங்க.

அக்கா: ...சரி. புத்தகத்தை மூடு. நீயே ஒரு கணக்கு போட்டுக் குடு. நான் இதுவரைக்கும் பாக்காத கணக்கா இருக்கணும்.

தம்பி: வேணாமே. நேரமாகுது, இருட்டப் போகுது.

அக்கா: விளக்கைப் போடு. பிள்ளைங்க நாளைக்குப் புத்தகத்துல இருக்கிறதையா கேக்கும்? பேப்பர் இருக்கு, பென்சில் இருக்கு. போடு.

தம்பி: ...இந்தா. சரிவகம். நிக்க வச்ச மாதிரி வரைஞ்சிருக்கேன். இணைப் பக்கம் ரெண்டும் செங்குத்தா நிக்குது.

அக்கா: சீட்டுக்குப் பக்கவாட்டுத் துண்டு வெட்டற மாதிரி. பழக்க தோஷம்.

தம்பி: ஆமா. பரப்பளவு சொல்லு.

அக்கா: கொஞ்சம் இரு... பன்னெண்டு. கீழ தூரம் அஞ்சு... ஏன்டா, கணக்கு போடத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. ஒரு இணைப் பக்கம் பன்னெண்டு. இன்னொண்ணு எங்க?

தம்பி: போட்டிருக்கேனேக்கா.

அக்கா: எங்க போட்டிருக்க?

தம்பி: நல்லாப் பாரு.

அக்கா: நல்லாத்தான் பாக்கறேன். பன்னெண்டு, அஞ்சு. வேற எண்ணே இல்ல இந்தப் பேப்பர்ல. எதுக்குப் பேப்பரைச் சுத்தற?

தம்பி: தலைகீழா வச்சுப் பாரேன். இப்ப என்ன இருக்கு?

அக்கா: எட்டு. நல்லவேளை, தலைகீழா நின்னாலும் எட்டு எட்டுதான். எட்டு, தூரம் அஞ்சு... பன்னெண்டு எங்க போச்சு? அழிச்சுட்டியா?

தம்பி: ரப்பர் எங்கிட்ட இல்லக்கா. விடு. விளக்கு வெளிச்சம் சரியில்ல. நிழல் விழுது.

அக்கா: நிழலா?

தம்பி: என் தலை நிழல். நான் இந்தப் பக்கம் நின்னுட்டேன்ல.

அக்கா: நீ எந்தப் பக்கம் நின்ன?

தம்பி: ...இந்தப் பக்கம்.

அக்கா: கோணலு.

தம்பி: அந்தப் பேரை விடேன். ரெண்டு பிள்ளைக்கு அப்பன் நான்.

அக்கா: எட்டாவது படிக்கும்போது ஸ்கேல் வச்சுக்கூட நேர்க்கோடு போட மாட்ட. அன்னைக்கு வச்ச பேரு, இன்னைக்கும் பொருந்துது. ஒரு விஷயத்தை நேரா சொல்ல வருதா உனக்கு?

தம்பி: சொல்றதுக்கு என்ன இருக்கு?

அக்கா: நீதான் சொல்லணும்.

தம்பி: ...அந்த முழங்கையில என்ன, நீலமா?

அக்கா: பேச்சை மாத்தாத.

தம்பி: மாத்தல. கேக்கறேன். போன வாரமும் இருந்துச்சு, இது புதுசு.

அக்கா: கதவு நிலையில இடிச்சுக்கிட்டேன்.

தம்பி: எந்தக் கை அது?

அக்கா: கண்ணு இல்லியா உனக்கு? இடது கை.

தம்பி: போன வாரம்?

அக்கா: அதுவும் இடதுதான். வீடு குறுகல், நான் அகலம். போதுமா? ஆஸ்பத்திரியில மூணு வாரம் படுக்கப் போட்டாங்க. தலைக்குள்ள ரத்தக்குழாய் அடைச்சவளுக்கு நடை கொஞ்சம் ஒரு பக்கம் சாயாதா?

தம்பி: சாயும்தான்.

அக்கா: பின்ன?

தம்பி: ...பின்ன ஒண்ணுமில்ல.

அக்கா: ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. இன்னைக்கு எத்தனையாவது ஒண்ணுமில்லடா இது? எந்திரி. சுவத்துல டியூஷன் பலகை மாட்டியிருக்கு பாரு. சாக்பீஸ் எடு.

தம்பி: எதுக்கு?

அக்கா: நான் வரைஞ்சு காட்டறேன். நாளைக்கு முதல்ல அதானே செய்யணும். வணக்கம் சொல்லிட்டு, திரும்பிப் பலகையில ஒரு செவ்வகம். நீ பெஞ்சுல உக்காந்த பிள்ளை மாதிரி உக்காரு. தப்பு இருந்தா கை தூக்கு.

தம்பி: தூக்கினா அடிக்க மாட்டியே?

அக்கா: நான் யாரையும் அடிச்சதில்ல.

தம்பி: என்னை அடிச்சிருக்க.

அக்கா: நீ மாணவன் இல்ல, தம்பி. அது வேற கணக்கு. ...பாரு. இது மேல்கோடு. இது இறங்குது. இது கீழ்க்கோடு. செவ்வகம். எதிர்ப் பக்கங்கள் சமம், நாலு கோணமும் தொண்ணூறு, மூலைவிட்டம் ரெண்டும் சமம். என்ன, கை தூக்கலியா?

தம்பி: முடிச்சிட்டியாக்கா?

அக்கா: முடிச்சிட்டேன்.

தம்பி: எத்தனை பக்கம் அதுக்கு?

அக்கா: செவ்வகத்துக்கு எத்தனை பக்கம்னு எங்கிட்டயே கேக்கறியா?

தம்பி: செவ்வகத்துக்கு இல்ல. நீ வரைஞ்சதுக்கு.

அக்கா: நாலு.

தம்பி: விரல் வச்சு எண்ணேன். எனக்காக.

அக்கா: மேல... ஒண்ணு. இது ரெண்டு. கீழ, மூணு. அப்புறம்...

தம்பி: அப்புறம்?

அக்கா: அப்புறம் நாலு.

தம்பி: விரலை நாலு மேல வையி.

அக்கா: ...வச்சிருக்கேன்.

தம்பி: அது ரெண்டாவதுக்கா. அதை ஏற்கெனவே எண்ணிட்ட. உக்காரு.

அக்கா: உக்கார மாட்டேன். கை தூக்கினியா இல்லியா நீ? பிள்ளை மாதிரி உக்காருன்னு சொன்னேன். தப்பு இருந்தா சொல்லுன்னு சொன்னேன். என்ன தப்பு? சொல்லு.

தம்பி: நாளைக்குப் பாத்துக்கலாம்...

அக்கா: நாளைக்குப் பாக்கறதுக்கு உன்னைக் கூப்பிடல. இன்னைக்குப் பாக்கக் கூப்பிட்டேன்.

தம்பி: மாமா வந்துரட்டும். அவரு இருக்கும்போது...

அக்கா: அவரு வந்தா எல்லாம் சரியாயிடும். எனக்கு அது வேணாம். நீ சொல்லு.

தம்பி: அக்கா...

அக்கா: சொல்லுடா.

தம்பி: எனக்கு நீ நாற்கரம் சொல்லிக்குடுத்தது ஞாபகம் இருக்கா? அடைபட்ட உருவம்னா என்னன்னு எனக்கு மண்டையில ஏறவே இல்ல. நீ சொன்ன... வேலின்னு நெனச்சுக்கோ. ஒரு மூலையில கிளம்பு. சுத்தி வந்து கிளம்பின மூலைக்கே சேரணும். சேரலன்னா...

அக்கா: சேரலன்னா ஆடு வெளிய போயிடும்.

தம்பி: ஆமா.

அக்கா: அதுக்கு இப்ப என்ன?

தம்பி: ஆடு வெளிய போயிடுச்சுக்கா.

அக்கா: ...

தம்பி: உன் செவ்வகத்துக்கு மூணு பக்கம்தான் இருக்கு. இடது பக்கம் இல்ல. நீ போடவே இல்ல. நான் போட்ட கணக்குல எட்டு இடது பக்கம் இருந்துச்சு. பேப்பரைத் திருப்பினதும் பன்னெண்டு அந்தப் பக்கம் போயிடுச்சு, அதான் அழிச்சுட்டியான்னு கேட்ட. புத்தகத்துல விடை முழுசா இருக்கு. ரெண்டு வரிசையாப் போட்டிருக்கான். ஒண்ணு, மூணு, அஞ்சு எல்லாம் இடது வரிசை. நீ வலது வரிசையை மட்டும் படிச்சிருக்க.

அக்கா: அப்போ அச்சுப் பிழை இல்ல.

தம்பி: இல்ல.

அக்கா: நிழலும் இல்ல.

தம்பி: இல்லக்கா. உனக்கு இடது பக்கம்னு ஒண்ணு இருக்கிறதே தெரியல. கண்ணுல கோளாறு இல்ல. கண்ணு பாக்குதாம், தலைதான் அந்தப் பக்கத்தைக் கணக்குல சேக்க மாட்டேங்குதாம். வீட்டுக்கு அனுப்பும்போதே டாக்டர் சொன்னாரு.

அக்கா: யாருகிட்ட?

தம்பி: எங்ககிட்ட.

அக்கா: 'எங்க'ன்னா?

தம்பி: மாமா, நான், பாப்பா. உங்கிட்டயும் சொன்னாராம், அப்ப உனக்குப் பிடிபடல. பழகப் பழகச் சரியாகலாம்னாரு. அதனால... மாமா சொன்னாரு, திரும்பத் திரும்பச் சொல்லி அவ மனசை ஒடைக்க வேணாம், தானா சரியாயிடும்னு.

அக்கா: நீ என்ன சொன்ன?

தம்பி: நான் ஒண்ணும் சொல்லல.

அக்கா: அதுதான் உனக்குக் கைவந்த கலையாச்சே. சாப்பிடும்போது தட்டைச் சுத்தி வைக்கிறது யாரு?

தம்பி: ...அதுவும் தெரியுமா உனக்கு?

அக்கா: கேட்டதுக்குப் பதில்.

தம்பி: பாப்பா.

அக்கா: நான் போதும்னு கையை எடுப்பேன். 'அம்மா, கொஞ்சம் இரு'ன்னு வந்து, தட்டை லேசாத் திருப்பிட்டுப் போவா. பாத்தா பாதிச் சாப்பாடு புதுசா உக்காந்திருக்கும். ஏதோ மந்திரம் மாதிரி. உங்க மாமா அப்ப ஜன்னலைப் பாப்பாரு. ஒரு வீடே சேந்து நாடகம் போட்டிருக்கீங்க. டிக்கெட் மட்டும்தான் கிழிக்கல.

தம்பி: உன்னை ஏமாத்தணும்னு இல்லக்கா.

அக்கா: பின்ன?

தம்பி: பயம். சொன்னா நீ உடைஞ்சு போயிடுவியோன்னு. சொல்லலன்னா... நாளைக்கு நீ வகுப்புக்குள்ள போவ. பலகையில மூணு பக்கத்துச் செவ்வகம் போடுவ. நாப்பது பிள்ளைங்க பாக்கும். ஒரு பிள்ளை சிரிக்கும். அதை நெனச்சா எனக்கு ராத்திரி தூக்கம் வரல.

அக்கா: சிரிச்சா சிரிக்கட்டும்.

தம்பி: அது மட்டும் இல்ல. இடது பக்கம் உக்கார்ற பிள்ளை கை தூக்கினா உனக்குத் தெரியாது. தூக்கிக்கிட்டே இருக்கும். டீச்சருக்கு நம்மளைப் பிடிக்கலன்னு நெனச்சுக்கும். நாளைக்குப் போகாதக்கா.

அக்கா: இதை எப்ப சொல்றதா இருந்த?

தம்பி: இங்க வரும்போதே சொல்லணும்னுதான் வந்தேன். வாசல்ல செருப்பைக் கழட்டும்போது தைரியமும் சேந்து கழண்டுடுச்சு. நீ இணைகரம், சாய்சதுரம்னு டக்கு டக்குன்னு சொல்றப்ப... சரியாயிடுச்சோன்னு ஒரு நப்பாசை.

அக்கா: வாயால கேட்டா எல்லாம் சரியாத்தான் சொல்றேன்.

தம்பி: ...ஆமா.

அக்கா: சாக்பீஸைக் குடு.

தம்பி: விடுக்கா, போதும்.

அக்கா: குடுடா. ...மூலைக்கு எல்லாம் பேரு வைக்கணும். பேரு இல்லாமப் போட்டது என் தப்பு. அ, ஆ, இ... இறங்கி வந்தாச்சு. கீழ, ஈ. இப்ப நான் எங்க நிக்கறேன்?

தம்பி: ஈ-ல.

அக்கா: கிளம்பினது எது?

தம்பி: அ.

அக்கா: அப்போ ஈ-லேருந்து அ-வுக்குப் போகணும். அ எனக்குத் தெரியல. ஆனா அ-ன்னு ஒண்ணு இருந்தே ஆகணும், நான்தானே அங்கேருந்து கிளம்பினேன்? தலையைத் திருப்பறேன்... இன்னும்... இன்னும் திருப்பணுமா?

தம்பி: இன்னும் கொஞ்சம்.

அக்கா: ...அடப்பாவி. அங்க இருக்கு.

தம்பி: இழு. மேல... நேரா. ம், சேந்துடுச்சு.

அக்கா: ஆடு?

தம்பி: உள்ளதான் இருக்கு.

அக்கா: இப்ப உன் கார் சீட்டைக் குடு. எட்டும் பன்னெண்டும் இருபது. அஞ்சால பெருக்கினா நூறு. பாதி அம்பது. சரியா?

தம்பி: சரிக்கா. எனக்கு ஒண்ணு பிடிபடல.

அக்கா: என்ன?

தம்பி: நான் சொன்னதும் நீ அழுவன்னு நெனச்சேன். இல்ல, பலகையைத் தூக்கி எறிவன்னு. நீ... ஆச்சரியப்படக்கூட இல்லியே.

அக்கா: உக்காரு. இந்தப் பக்கம், வலது பக்கம் உக்காரு, மூஞ்சி தெரியட்டும். போன வாரம் பள்ளிக்கூடம் போய்ட்டு வந்தேன்ல?

தம்பி: ஆமா, பெரிய டீச்சரைப் பாக்க.

அக்கா: வகுப்பை எட்டிப் பாத்தேன். 'என்ன டீச்சர், பாதிப் பேரு வரலியா, ஊர்ல காய்ச்சலா'ன்னு கேட்டேன். அவங்க பதிலே சொல்லல. என் தாடையைப் பிடிச்சாங்க. குழந்தை மூஞ்சியைத் திருப்பற மாதிரி மெதுவா இடது பக்கம் திருப்பினாங்க. மிச்சப் பிள்ளைங்க எல்லாம் அங்க உக்காந்திருந்துச்சு. ஒரு பொண்ணு கை தூக்கிக்கிட்டு இருந்துச்சு. ரொம்ப நேரமா தூக்கியிருக்கும் போல, இன்னொரு கையால அதைத் தாங்கிப் பிடிச்சிருந்துச்சு.

தம்பி: அக்கா...

அக்கா: அன்னைக்கு வீட்டுக்கு வந்து விடைப் பக்கத்தைத் திறந்தேன். தலையைத் திருப்பினா இருக்கு. விட்டா போயிடுது. தெரிஞ்சாலும் தானா வர மாட்டேங்குதுடா, அதுதான் கொடுமை. இப்பக்கூட உன் பன்னெண்டு காணாமப் போனப்ப நீ அழிச்சுட்டன்னே நம்பினேன். செவ்வகம் முடிஞ்சுதுன்னு நெசமாவே நெனச்சேன்.

தம்பி: அப்போ புத்தகத்துல பாதி விடைதான் இருக்குன்னு சொன்னது?

அக்கா: உனக்கு வச்ச கணக்கு. ஆமான்னு தலையாட்டுன பாரு, அப்பவே உன்னை வெளிய அனுப்பியிருப்பேன்.

தம்பி: எதுக்குக்கா இப்படி? நேரா கேட்டிருக்கலாம்ல?

அக்கா: எனக்குத் தெரியும்னு சொல்லிட்டுக் கேட்டா எல்லாரும் நேராத்தான் சொல்லுவீங்க. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சும் யாரு சொல்றீங்கன்னு பாக்கணும்.

தம்பி: பாத்து?

அக்கா: பெரிய டீச்சர் பரீட்சை எல்லாம் வைக்கல, அது நான் உங்களுக்குச் சொன்ன கதை. வேலை குடுக்கறேன்னு அன்னைக்கே சொல்லிட்டாங்க. ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. கொஞ்ச நாளைக்கு இடது பக்கம் ஒரு ஆளு உக்காரணும். பிள்ளை கை தூக்கினா, நான் கோடு விட்டுட்டா, எனக்கு வலிக்குமேன்னு பாக்காம எல்லாருக்கும் கேக்கிற மாதிரி 'டீச்சர், இடது பக்கம்'னு சொல்ற ஆளு. உங்க வீட்டுல அப்படி யாராவது இருக்காங்களான்னு கேட்டாங்க.

தம்பி: நீ என்ன சொன்ன?

அக்கா: உன் பேரைச் சொல்லிட்டு வந்துட்டேன்டா, கோணலு. போன வாரமே. நீ இன்னைக்கு வாயைத் திறக்காம செருப்பை மாட்டிட்டுப் போயிருந்தா, நான் நாளைக்கு வகுப்புக்குப் போயிருக்க மாட்டேன்.